கொரியச் சாப்பாட்டோடு சில ஆண்டுகள்: சலித்ததும் நிலைத்ததும்

ஆய்வுப் படிப்புக்காகத் தென்கொரியாவின் தேஜோன் நகரில் சில ஆண்டுகளாகத் தங்கியிருக்கிறேன். சமைக்க நேரம் குறைவு, சாப்பாட்டின்மீது ஆசை அதிகம் என்பதால் பெரும்பாலான வேளைகளில் வெளியில்தான் சாப்பிடுகிறேன். விடுமுறை கிடைத்தால் எந்த ஊரில் என்ன கிடைக்கும் என்று விசாரித்த பிறகே பயணச்சீட்டு எடுக்கிறேன். கொரிய உணவைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பவை பெரும்பாலும் ஒரு வாரச் சுற்றுலாவின் வியப்பையோ தொலைக்காட்சித் தொடர்கள் கிளப்பிய ஆவலையோ சொல்பவை. நாள்தோறும் அதையே உண்டு வாழும்போது எது சலிக்கிறது, எது நிலைக்கிறது, எந்த இடத்தில் அந்த ஏற்பாடு நம்மைக் கைவிடுகிறது என்பவற்றை இங்கே பதிவு செய்கிறேன்.

வந்த புதிதில் ஈர்த்த உணவுகள்தாம் விரைவில் அலுத்துப்போயின. மேசையிலேயே சுட்டுத் தின்னும் பன்றியிறைச்சி, காரப்பாகு பூசிய பொரித்த கோழி, தொக்போக்கி என்னும் அரிசிமாவுக் கட்டிகள் ஆகியவற்றை இப்போது விருந்தினர் வந்தால் மட்டுமே தேடிப் போகிறேன். சம்யாங் நிறுவனம் 2012இல் அறிமுகப்படுத்திய புல்தாக் நூடுல்ஸ் உலகமெங்கும் காரத்துக்குப் பெயர்பெற்றது. ஆனால் மிளகாய் பழகிய நாக்குக்கு, சில மாதங்கள் கழித்து, அதன் காரத்தைவிட அடியில் கிடக்கும் இனிப்புதான் அதிகம் தட்டுப்படுகிறது. தெருவோரக் கொரிய உணவில் சர்க்கரை எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை நீண்ட நாள் உண்ட பிறகே உணர முடியும்.

நிலைத்தது பேக்பான். பெரிய விளம்பரமோ ஒளிப்படமோ இல்லாத சிறு உணவகங்களில், வயதான பெண்மணி ஒருவர் சமைத்துத் தாமே பரிமாறும் சாதாரணச் சாப்பாடு அது. மூடிபோட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் சோறு, ஒரு சூப் அல்லது கொதிக்கக் கொதிக்க மண்சட்டியில் வரும் ஜிகே என்னும் குழம்பு, அவற்றைச் சுற்றிப் பன்சான் எனப்படும் சிறு தொடுகறிகள். முளைகட்டிய சோயா, நல்லெண்ணெயும் பூண்டும் சேர்த்துப் பிசைந்த கீரை, சோயா நீரில் வேகவைத்துச் சுண்டிய உருளைக்கிழங்கு, பொரித்த நெத்திலி, முட்டைச் சுருள், மிளகாயும் பூண்டும் சேர்த்துப் புளிக்கவைத்த காய்கறியான கிம்ச்சி என்று அன்றைக்குச் சமையலறையில் என்ன உண்டோ அது வரும். நாம் தேர்ந்தெடுக்க வேண்டியது பெரும்பாலும் எதுவுமில்லை. தொடுகறிகளைக் காசில்லாமல் மறுபடி கேட்டு வாங்கலாம். தண்ணீரை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். கரண்டியும் தட்டையான உலோகக் குச்சிகளும் பல கடைகளில் மேசையின் பக்கவாட்டு இழுப்பறையில் இருக்கும். மேசையிலுள்ள பொத்தானை அழுத்தினால் ஆள் வருவார். கூடுதல் அன்பளிப்பை யாரும் எதிர்பார்ப்பதில்லை. சோற்றையும் சூப்பையும் கரண்டியால் உண்பதே இங்குள்ள வழக்கம் என்பதால் குச்சிக்குப் பயப்படும் நம்மவர்கள் பட்டினி கிடக்க நேராது. சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடுவது மட்டும் நாகரிகமாகக் கருதப்படுவதில்லை. அந்த எவர்சில்வர் சூட்டில் தூக்கவும் முடியாது.

இந்தச் சாப்பாடு அலுக்காமல் இருப்பதற்குக் காரணம் எந்தத் தனிப் பண்டத்திலும் இல்லை என்று நினைக்கிறேன். உப்பில்லாத சோறு நடுவில் இருக்க, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, காரம் எல்லாம் சிறிய அளவில் சுற்றி நிற்பதால் ஒவ்வொரு வாயையும் உண்பவரே சமைத்துக்கொள்கிறார். நேற்றைய வரிசையும் இன்றைய வரிசையும் முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை. குட்டையாகவும் ஒட்டும்படியும் வேகும் அந்த அரிசிக்கும் குச்சிகளுக்கும் நல்ல பொருத்தம். ரசத்துக்கு மட்டும் அது ஒருபோதும் ஒத்துவராது. பலமுறை முயன்று கைவிட்ட பிறகு சொல்கிறேன்.

புளிக்கவைக்கும் கலையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். குளிர்காலத் தொடக்கத்தில் குடும்பமாகக் கூடிக் கிம்ச்சி போடும் கிம்ஜாங் வழக்கம் 2013இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. சோயா விழுதும் சோயா நீரும் மிளகாய் விழுதும் செய்யும் முறை 2024இல் அதில் சேர்ந்தது. அன்றாட வாழ்வில் இதன் பயன் எளிமையானது. ஒரே டப்பா கிம்ச்சி முதல் வாரத்தில் மொறுமொறுப்பான தொடுகறி, புளிப்பேறியதும் சோற்றோடு வதக்க ஏற்றது, இன்னும் முற்றியதும் பன்றியிறைச்சியோ டோஃபுவோ சேர்த்துக் கொதிக்கவைக்கும் குழம்புக்கு உயிர். எனவே வீணாவது என்பது இல்லை. குறை என்னவென்றால், ஒற்றை அறை வாடகை வீட்டின் சிறிய குளிர்பெட்டியில் பாலும் பழமும் இரண்டே நாளில் பூண்டு வாசனை பிடித்துக்கொள்ளும். கொரியக் குடும்பங்கள் கிம்ச்சிக்கென்றே தனிக் குளிர்பெட்டி வைத்திருப்பதன் நியாயம் அப்போதுதான் புரிந்தது.

சைவ உணவு உண்பவர்களுக்கு இந்தப் பரிந்துரையை அப்படியே தர முடியாது. தட்டில் தெரிவதெல்லாம் காய்கறியாக இருந்தாலும், கிம்ச்சிக்குள் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன்சாறோ இருக்கும். குழம்பின் அடிநீர் காய்ந்த நெத்திலியில் எடுத்ததாக இருக்கும். என்னுடன் ஆய்வகத்தில் பணியாற்றும் சைவத் தோழி ஒருவர், இறைச்சி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தும் மீன் அந்தக் கணக்கில் சேர்வதில்லை என்பதை அறிந்துகொண்டு, கோடையில் கொங்குக்சு என்னும் குளிர்ந்த சோயாப் பால் நூடுல்ஸையும் மற்றக் காலங்களில் இறைச்சியும் முட்டையும் நீக்கிய பிபிம்பாப் என்னும் காய்கறிக் கலவைச் சோற்றையும் நம்பி வாழ்கிறார். அவருக்கு நிம்மதியாக வயிறு நிறைந்த இடங்கள் பௌத்த மடங்கள்தாம். மடத்துச் சமையலில் இறைச்சி, மீன் இவற்றோடு பூண்டு, வெங்காய இனத்தைச் சேர்ந்த கடும் மணப்பொருள்களும் விலக்கு. விலக்கப்பட்ட ஐந்தில் ஒன்றான ஹுங்கோ என்பது நம் பெருங்காயம்தான் என்று கூறப்படுகிறது. கொரியச் சமையலறையில் எங்கும் புழங்காத ஒரு பொருள், வேண்டாதவற்றின் வரிசையில் மட்டும் இத்தனை நூற்றாண்டுகளாக இடம்பிடித்திருப்பது எனக்கு இன்றும் வேடிக்கையாகவே இருக்கிறது.

அடுத்த குறை, தனியாகச் சாப்பிடுவது. சுட்ட இறைச்சி, பெரிய சட்டியில் வரும் குழம்பு, கோழிக் கறி போன்றவற்றுக்குப் பல கடைகளில் குறைந்தது இருவருக்கான அளவைக் கேட்டாக வேண்டும். ஒருவராகப் போனால் மரியாதையோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். தனியாள் சாப்பாடு இப்போது பெருநகரங்களில் சகஜமாகிவிட்டது என்றாலும் சிற்றூர்களில் நிலைமை பெரிதும் மாறவில்லை. இதற்கு மாற்றாக எனக்கு உதவியவை மூன்று: சூப்பில் சோற்றைச் சேர்த்துத் தரும் குக்பாப் கடைகள், சோற்றைக் கடற்பாசித் தாளில் சுருட்டித் தரும் கிம்பாப் கடைகள், பல்கலைக்கழக உணவகம். அரசு மானியத்தோடு பல பல்கலைக்கழகங்களில் 1,000 வோனுக்குக் காலை உணவு தருகிறார்கள்; அதிகாலையில் எழும் பழக்கம் எனக்கு வந்ததற்கு வேறு காரணம் எதுவுமில்லை. நள்ளிரவுக்கு இருபத்துநான்கு மணி நேரக் கடைகள் இருக்கின்றன. அங்கே விற்கும் முக்கோணக் கிம்பாப்பின் உறையில் 1, 2, 3 என்று எண்ணிட்டிருப்பார்கள்; அந்த வரிசையில் பிரித்தால் கடற்பாசித் தாள் நமுத்துப்போகாமல் சோற்றின்மேல் வந்து சரியாகப் பொருந்தும்.

பயணங்களுக்கு வருவோம். தேஜோன் இருப்புப்பாதைச் சந்திப்பு என்பதால் விரைவு ரயிலில் சியோலுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமும், பூசானுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும்தான் ஆகிறது. பழைய நாள்களில் இங்கே வண்டியின் எஞ்சின் திருப்பப்படும் சில நிமிடங்களுக்குள் பயணிகள் நடைமேடையில் இறங்கி ஒரு கிண்ணம் தடித்த கோதுமை நூடுல்ஸை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவார்களாம். ஊர் ஊராகப் போய் உண்ணத் தொடங்கிய பிறகு, கொரியப் போர் இந்நாட்டு உணவுத் தட்டை எவ்வளவு தூரம் வடிவமைத்திருக்கிறது என்பது எனக்குப் படிப்படியாகத் தெரிந்தது. தேஜோனில் எப்போதும் வரிசை நிற்கும் சொங்சிம்தாங் அடுமனையை, வடக்கிலிருந்து அகதியாக வந்த ஒருவர், தேவாலயம் கொடுத்த இரண்டு மூட்டை கோதுமை மாவைக் கொண்டு 1956இல் ரயில் நிலையத்தின் அருகே தொடங்கினார். பூசானின் மில்மியோன் என்னும் நூடுல்ஸ், வடக்கத்திய அகதிகள் தம் ஊர்க் குளிர்ந்த நூடுல்ஸுக்கு வேண்டிய பக்வீட் தானியம் கிடைக்காமல், உதவியாக வந்த கோதுமை மாவில் செய்துகொண்டது. வடகிழக்குக் கடற்கரையிலுள்ள சொக்சோவில், வடக்கின் ஹாம்கியோங் மாகாணத்து அகதிகள் குடியேறிய அபாய் கிராமத்துக்குக் கம்பியைப் பிடித்து இழுத்துச் செலுத்தும் படகில்தான் போனேன். அங்கே கணவாய்க்குள் அரிசியும் காய்கறியும் திணித்து வேகவைத்து, வட்டமாக நறுக்கி முட்டையில் தோய்த்துப் பொரித்துத் தருகிறார்கள். எல்லை திறக்கும்வரை தற்காலிகமாகத் தங்கியவர்களின் உணவு, எல்லை திறக்காமலே அந்தந்த ஊரின் அடையாளமாகிவிட்டது.

தெற்குக் கடற்கரையிலுள்ள தொங்யோங்கின் சுங்மு கிம்பாப்புக்கு வேறு காரணம் உண்டு. கப்பலில் போகிறவர்களுக்கு விற்ற கிம்பாப்பின் உள்ளீடு வெயிலில் கெட்டுப்போனதால், வெறும் சோற்றைக் கடற்பாசியில் சுருட்டி, காரமிட்ட கணவாயையும் முள்ளங்கிக் கிம்ச்சியையும் தனியே கொடுக்கத் தொடங்கினார்கள். ஊருக்குக் கிளம்பும்போது நம் வீடுகளில் கட்டுச்சோறு கட்டும் யோசனையேதான் அது. ஜியோன்ஜு 2012இல் யுனெஸ்கோவின் உணவுக் கலை நகரங்களில் ஒன்றாகச் சேர்ந்தது. எல்லோரும் அங்கே பிபிம்பாப் தேடிப் போகிறார்கள். என் பரிந்துரை, காலையில் கிடைக்கும் சோயாமுளைக் குக்பாப். தனிக் கிண்ணத்தில் அரைவேக்காட்டு முட்டை வரும். அதில் சூடான சூப்பைச் சில கரண்டி ஊற்றிக் கடற்பாசித் தாளைக் கிழித்துப் போட்டு முதலில் குடித்துவிட்டுப் பிறகு சோற்றுக்குப் போக வேண்டும். காங்நியுங்கில் கடல்நீரால் உறையவைக்கும் சோதாங் டோஃபு நல்லது, ஆனால் கூட்டம் அதற்கு மேல்.

பருவத்தை ஒட்டிய உணவுகளைத் தனியே தேட வேண்டியதில்லை, தானாகவே வந்துசேரும். புத்தாண்டுக்கு அரிசிக் கட்டிச் சூப், கோடையின் உச்சமான மூன்று நாள்களில் ஜின்செங் வேரும் அரிசியும் அடைத்த முழுக்கோழிச் சூப், குளிர்காலத்தின் மிக நீண்ட இரவுக்குச் சிவப்புப் பயறுக் கஞ்சி, பிறந்தநாளுக்குக் கடற்பாசிச் சூப். அந்தக் கடற்பாசிச் சூப்பைத் தேர்வு நாளில் மட்டும் யாரும் தொடமாட்டார்கள். அதன் வழுக்கல் மதிப்பெண்ணையும் வழுக்கிவிடுமாம். என் ஆய்வேட்டு நேர்முகத்தன்று பல்கலைக்கழக உணவகத்தில் அதுவே இருந்தது, நானும் ரொட்டி வாங்கித்தான் தின்றேன்.

இங்கு வந்து தங்கப்போகும் உணவுப் பிரியர்கள் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டியது எச்சில் கணக்கு. உணவுக் கழிவை நேரடியாக நிலத்தில் கொட்டிப் புதைப்பது 2005இல் தடைசெய்யப்பட்டது. 2013இலிருந்து கொட்டும் அளவுக்கு ஏற்பக் கட்டணம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. என் குடியிருப்பின் கீழே, அட்டையைக் காட்டினால் மூடி திறந்து எடை பார்க்கும் தொட்டி நிற்கிறது. அதில் போடுவது உரமாகவோ கால்நடைத் தீவனமாகவோ மாறுவதால் கோழியெலும்பு, முட்டை ஓடு, சிப்பி ஓடு, வெங்காயத் தோல் இவற்றைப் பொதுக் குப்பையில் சேர்க்க வேண்டும். தொகை சிறிதுதான் என்றாலும், கிராம் கணக்கு ஒவ்வொரு முறையும் கண்முன் வந்துவிடுவதால் வீட்டுக்கு வரவழைக்கும் உணவில் நான் இப்போது தொடுகறி வேண்டாம் என்ற கட்டத்தில் குறியிட்டுவிடுகிறேன். உணவகத்திலும் ஒரு தட்டு காலியான பிறகே அடுத்ததைக் கேட்கிறேன். தொடக்கத்தில் தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருந்த பேக்பான் கடைப் பெண்மணி, இப்போது கேட்காமலே கீரையை மட்டும் இரண்டு பங்கு வைத்துவிட்டு, நான் தொடாத பொரித்த நெத்திலியை எடுத்துச் சென்றுவிடுகிறார்.