எங்க ஊர் டவுன் பஸ்: சீட்டு இலவசம், நடைதான் கம்மி

சேவை: பெண்களுக்குக் கட்டணமில்லாத அரசு டவுன் பஸ். தூரம்: ஊர் ஆலமரத்து நிறுத்தத்திலிருந்து டவுன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் 14 கிலோமீட்டர். காலையில் மூன்று நடை, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் இரண்டு. ராத்திரி ஊரிலேயே தங்கி விடியக்காலையில் கிளம்புகிற ஹால்ட் பஸ் ஒன்று இருந்தது, நிறுத்திவிட்டார்கள். ஊர்ப் பெயரையும் டிப்போ பெயரையும் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நல்ல கண்டக்டர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். இதைக் காட்டி அவர்களை யாரும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம்.

நான் டவுனில் பிளவுஸ் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். கடை என்றால் பெரிதாக நினைக்காதீர்கள், மாடிப்படிக்குக் கீழே ஒரு மிஷின், ஒரு ஸ்டூல், ஒரு டேபிள் ஃபேன். ஞாயிறு தவிர எல்லா நாளும் இந்த பஸ்ஸில்தான் போய் வருகிறேன். அதனால் பஸ்ஸைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. டிவியில் உட்கார்ந்து பேசுகிறவர்களில் எத்தனை பேர் காலை ஏழு மணி நடையில் படியில் தொங்கியிருப்பார்கள் என்று தெரியவில்லை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். 2021 மே 7-ஆம் தேதி முதலமைச்சராகப் பொறுப்பேற்ற அன்றைக்கு ஸ்டாலின் போட்ட முதல் கையெழுத்துகளில் இது ஒன்று. மறுநாளே நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்கு முன்னால் எனக்கு ஒரு வழிக்கு 12 ரூபாய். 2018 ஜனவரியில் கட்டணம் ஏறியபோதுதான் அந்த வலி நன்றாகத் தெரிந்தது, டவுன் பஸ்ஸில் குறைந்தபட்சமே 3 ரூபாயிலிருந்து 5 ரூபாய் ஆனது. கட்டட வேலைக்குப் போகிற எங்கள் ஊர்ச் சித்தாள் அக்காக்கள் அந்த நாட்களில் ஊரில் ஏற மாட்டார்கள். விலக்கு ரோடு வரைக்கும் நடந்து, அடுத்த ஸ்டேஜில் ஏறுவார்கள். ஒரு ஸ்டேஜ் குறைந்தால் இரண்டு ரூபாய் மிச்சம். சட்டியும் தூக்குவாளியும் இடுப்பில் இருக்க, இரண்டு ரூபாய்க்காக ஒன்றரை கிலோமீட்டர் நடை. இப்போது ஒருத்தியும் அப்படி நடப்பதில்லை. இந்தத் திட்டத்தைப் பற்றி என்னிடம் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்து, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று சொன்னது. எனக்கு அவ்வளவு வராது, அறுநூறு பக்கம் வரும். அந்த அறுநூறில் லைனிங் துணி வாங்கலாம். என் மாமியார் கணக்கு வேறு. அவருக்குச் சுகரும் பிரஷரும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனாலும் மாதம் ஒரு தடவை பெரியாஸ்பத்திரிக்குப் போயே தீருவேன் என்கிறார். ஏன் அத்தை என்றால், "நான் என்ன மாத்திரைக்கா போறேன்? நாலு மனுசரப் பாத்துட்டு வாரேன்" என்கிறார். முன்னாலெல்லாம் டவுனுக்குப் போக மகனிடம் காசு கேட்க வேண்டும். மகன் எதுக்கு என்பார், அவர் பேசாமல் இருந்துவிடுவார். இப்போது சீலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். இதை எந்த ஆய்வில் எந்தப் பத்தியில் எழுதுவார்களோ.

இனி குறை.

பஸ் பழசு. அது எனக்குப் பெரிய குறை இல்லை. டவுனுக்குள் ஓடிக் களைத்துப் போனதைத்தான் எங்களுக்கு அனுப்புகிறார்கள் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள், பார்த்தால் நம்பும்படிதான் இருக்கும். ஜன்னல் ஷட்டர் ஏறினால் இறங்காது. ஆனால் ஓடுகிறது, அது போதும்.

மரியாதை டிரைவருக்கு டிரைவர், கண்டக்டருக்குக் கண்டக்டர் மாறும். நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் கொஞ்சம் தள்ளிப் போய் நிறுத்துகிற டிரைவர் உண்டு. சிலர் நிறுத்தாமலே போவார்கள். "ஓசி டிக்கெட்டெல்லாம் பின்னால போங்க" என்று சொன்ன கண்டக்டர் ஒருத்தர் இருந்தார். அவரை மட்டும் சொல்லி என்ன பயன்? 2022-இல் அமைச்சர் ஒருவரே மேடையில் ஓசி என்று பேசி, ஊரெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டார். நல்ல கண்டக்டர் எப்படி என்றால், கீரைக்கட்டுக்காரப் பாட்டி ஓடி வருவது தெரிந்தால் விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பார். "வா ஆத்தா, மெதுவா வா" என்பார். அவருக்குக் கோடி புண்ணியம்.

என் பெரிய குறை நடைதான். எங்கள் ஊரில் ஹால்ட் பஸ் இருந்த காலத்தில், ராத்திரி ஒன்பதே காலுக்கு வரும். டிரைவரும் கண்டக்டரும் பள்ளிக்கூடத்துத் திண்ணையில் படுப்பார்கள். குடிக்கத் தண்ணியும் சில நாள் குழம்பும் எங்கள் தெருவிலிருந்து போகும். விடியக்காலை ஐந்து மணிக்கு அதே பஸ் கிளம்பும். கீரை, கத்தரிக்காய், வெண்டைக்காய் எல்லாம் அதில்தான் உழவர் சந்தைக்குப் போகும். ஆறு மணிக்குள் கடை போட்டால்தான் சந்தையில் வியாபாரம். ஆள் பற்றாக்குறை என்று சொல்லி அந்த ஹால்ட்டை நிறுத்தினார்கள். இப்போது முதல் நடை ஆறு நாற்பதுக்கு. கீரைக்காரப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து லோடு ஆட்டோ பிடிக்கிறார்கள், ஆளுக்கு 50 ரூபாய். டிக்கெட் இலவசமாகி அவர்களுக்கு என்ன வந்தது? 12 ரூபாய் கொடுத்துப் போனவர்கள் இப்போது 50 கொடுக்கிறார்கள். இலவசம் என்று அரசாங்கம் சொல்வதும் பொய் இல்லை, இவர்கள் 50 ரூபாய் கொடுப்பதும் பொய் இல்லை.

இதை நான் கிராம சபையில் கேட்டேன். மே தினக் கூட்டம், வேப்பமரத்தடியில். ஹால்ட் பஸ்ஸும், ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு நடையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். பிறகு மனு எடுத்துக்கொண்டு போனபோது அங்கிருந்த அதிகாரி சொன்னது: "அந்த ரூட்ல கலெக்‌ஷனே இல்லையேம்மா."

எனக்கு அங்கேதான் கோபம் வந்தது. பெண்களுக்குக் கொடுக்கிற சீட்டில் காசு இல்லை, ஆனால் கணக்கு உண்டு. அந்தப் பயணங்களுக்கு ஈடாகத்தான் அரசாங்கம் போக்குவரத்துக் கழகங்களுக்குப் பணம் கொடுக்கிறது. ஆரம்பத்தில் வருடத்துக்கு 1,200 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். 2025-26 பட்ஜெட்டில் அது 3,600 கோடி. அவ்வளவும் யார் ஏறியதற்கு? எங்களை மாதிரி ஆட்கள் ஏறியதற்குத்தானே. அப்படியானால் ஏழு மணி நடையில் நிற்க இடமில்லாமல் போகிற அத்தனை பெண்களும் கலெக்‌ஷன் இல்லையா? "சார், நாங்க காசு குடுக்கல, எங்களுக்காக கவர்மெண்டு குடுக்குது, அதைச் சேத்துத்தான நீங்க பாக்கணும்?" என்றேன். சிரித்தார். மேலே எழுதுகிறேன் என்றார்.

டீக்கடையில் நடக்கிற விவாதத்துக்கு வருவோம். எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர், "எங்க வரிப்பணத்துல நீங்க ஊர் சுத்துறீங்க" என்ற கட்சி. நான் வாங்குகிற ஊக்கு, லைனிங், ஜிப் எல்லாவற்றிலும் ஜிஎஸ்டி இருக்கிறது. பில்லைக் காட்டினால் அண்ணாச்சிமார் பேச்சை மாற்றுவார்கள். தில்லியிலும் இதே பேச்சுதான். 2022 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் 296 கிலோமீட்டர் புந்தேல்கண்ட் விரைவுச் சாலையைத் திறந்து வைத்த பிரதமர், இலவசக் கலாச்சாரம் நாட்டின் வளர்ச்சிக்கு ஆபத்து, அதைச் செய்கிறவர்கள் உங்களுக்கு இப்படிச் சாலை போட மாட்டார்கள் என்று பேசினார். சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டரில் நாலுவழிச் சாலை போகிறது. அதில் போகிற பஸ் எங்களுக்கு நிற்காது, அதில் போக எங்களிடம் கார் கிடையாது. சாலைக்குப் போட்டால் முதலீடு, அந்தச் சாலையில் சித்தாள் போக பஸ் விட்டால் இலவசமா? கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

லாபம் வருகிற ரூட்டின் காசில் நஷ்டத்தில் ஓடுகிற கிராமத்து ரூட்டை ஓட்டுவதற்குத்தான் அரசாங்கம் பஸ்ஸைத் தன் கையில் வைத்திருக்கிறது. 1972-இல் கருணாநிதி காலத்தில் தனியார் பஸ்களை எடுத்து பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று கழகங்கள் தொடங்கினார்கள். என் அம்மாச்சி இன்றைக்கும் அந்தப் பழைய பேரைச் சொல்லித்தான் பஸ் வந்துவிட்டதா என்று கேட்கும். எங்கள் மாதிரி ஊருக்கு பஸ் வந்ததற்கும், பிள்ளைகள் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனதற்கும் அதுதான் வழி திறந்தது. அன்றைக்கும் நஷ்டம் என்றுதான் பேசியிருப்பார்கள்.

ஆனால் இலவசத்தைப் பெருமையாகப் பேசுகிற கட்சிக்காரர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. பஸ்ஸில் பெரிதாக எழுதி ஒட்டுகிறார்கள், ஓட்டுக் கேட்க வரும்போது அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். எத்தனை கோடி பயணம் என்று சொல்கிறார்கள், எந்த ஊரில் எத்தனை நடை குறைந்தது என்று யாரும் சொல்வதில்லை. திட்டம் சாதாரண டவுன் பஸ்ஸுக்கு மட்டும். எங்களுக்கு அடுத்த ஊருக்கு டவுன் பஸ்ஸே கிடையாது, ரூட் பஸ்தான் வரும். அந்த ஊர்ப் பெண்கள் இன்றைக்கும் காசு கொடுத்துத்தான் போகிறார்கள். மலைப்பகுதிப் பெண்களும் அப்படித்தான் காத்திருந்தார்கள், நீலகிரி, கொடைக்கானல், வால்பாறைக்கு 2024-இல்தான் விரிந்தது. கர்நாடகத்தில் 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டத்தில் எக்ஸ்பிரஸ் பஸ்ஸிலும் மாநிலத்துக்குள் எங்கேயும் போகலாம். அங்கே அவர்களால் செய்ய முடிகிறது.

வயதானவர்கள் கதை இன்னும் மோசம். சென்னையில் 60 வயது தாண்டியவர்களுக்கு மாதம் 10 டோக்கன் 2016-லிருந்து உண்டு. எங்கள் ஊர்த் தாத்தாவுக்கு அது கிடையாது. பாட்டி இலவசமாக உட்கார்ந்திருக்க, தாத்தா பக்கத்தில் நின்றுகொண்டு 12 ரூபாய்க்குச் சில்லறை தேடுவார். "பொம்பளையாப் பொறந்திருக்கலாம்" என்று அவர் சொல்ல, பாட்டி, "பொறந்து பாரும், தெரியும்" என்றது. பஸ்ஸே சிரித்தது.

மினிபஸ்ஸையும் ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். 1997-இல் அந்தத் திட்டம் வந்தபோது எங்கள் ஊருக்கும் ஒன்று வந்தது. பாட்டுச் சத்தம் காதைக் கிழிக்கும், ஆனால் வீட்டு வாசலில் நிற்கும். காசில்லை என்றால் நாளைக்குத் தா என்பார்கள். கொஞ்ச வருடத்தில் உள்ளூருக்குள் வருவது குறைந்து, ஆள் கிடைக்கிற மெயின் ரோட்டிலேயே ஓட ஆரம்பித்தது. தனியார் முதலாளியைக் குறை சொல்ல முடியாது, டீசல் அவர் காசு. 2025 ஜூனில் தஞ்சாவூரில் புதிய மினிபஸ் திட்டத்தைத் தொடங்கினார்கள். பஸ் போகாத ஊர்களுக்கு என்று சொன்னார்கள். நல்லதுதான். ஆனால் ஓட்டுவது தனியார் என்பதால் பெண்களுக்கும் டிக்கெட் உண்டு. பஸ் போகாத ஊர்தான் இருப்பதிலேயே பின்தங்கிய ஊர், அங்கேதான் காசு வாங்குவார்கள்!

மதிப்பெண் கேட்டால்: விலைக்கு ஐந்துக்கு ஐந்து, அதில் மறுபேச்சில்லை. நேரத்துக்கு வருவதில் காலை நடைக்கு நாலு, சாயங்கால நடைக்கு இரண்டு. கடைசி நடை ஆறே முக்காலுக்கே போய்விடுவதால் தீபாவளி, பொங்கல் சமயத்தில் எனக்கு ஷேர் ஆட்டோதான், 40 ரூபாய். தையல்காரிக்கு வேலை வருவதே அந்த மாதத்தில்தான், அப்போது பார்த்து பஸ் இருக்காது. நடை எண்ணிக்கைக்கு ஒன்றரை. அந்த அரையும், மத்தியான நடையை நிறுத்தாமல் வைத்திருப்பதற்கு.

புதிதாக ஏறப் போகிற பெண்களுக்கு: இலவசம்தானே என்று சீட்டு வாங்காமல் உட்காராதீர்கள். கண்டக்டர் கூட்டத்தில் மறந்தாலும் கேட்டு வாங்குங்கள், செக்கிங் ஏறினால் அவருக்கும் தொந்தரவு, உங்களுக்கும் தொந்தரவு. அடுத்த மனுவில் நான் எண்ணிக்கை கேட்கப் போகிறேன், உங்கள் சீட்டும் அதில் சேர வேண்டும். மூட்டை இருந்தால் லக்கேஜுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் இடது பக்கம் கடைசி இரண்டு சீட்டில் உட்காராதீர்கள், மேலே ஒழுகும்.