ஒன்ராறியோ கூட்டு நர்சிங் டிகிரி: படிப்பிக்கிற பக்கத்தில இருந்து ஒரு ரிவ்யூ (3.5/5)

2005ல இருந்து இஞ்ச, கனடாவின்ர ஒன்ராறியோ மாகாணத்தில, புதுசா ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) ஆகிறதெண்டா டிகிரி வேணும், காலேஜுகள் அப்ப தனிய அந்த டிகிரி குடுக்கேலாது, அதாலதான் மக்மாஸ்டர் யூனிவர்சிட்டியும் மோஹாக், கொனெஸ்டோகா காலேஜுகளும் சேர்ந்தமாதிரி கூட்டுகள் வந்தது. நான் கிளினிக்கல் குரூப் (ஆஸ்பத்திரியில நேர பழகிற பிள்ளையள்) எடுக்கிற ஆள். காலேஜ் டீச்சர்மார் வார்ட்டு வேலையில கை பழக்கிறதில கெட்டி, யூனிவர்சிட்டி பக்கம் ரிசர்ச், பிள்ளையளுக்கு ரெண்டும் கிடைக்குது, வீட்டுக்கு கிட்ட படிச்சு யூனிவர்சிட்டி பட்டத்தோட வெளியால வாறது சின்ன விசயமே?

ஆனா எங்கட பாடு ரெண்டு மாமியார் வீடு மாதிரித்தான். ஒரு பாடத்தில ஏதும் மாத்தோணுமெண்டா ரெண்டு இடத்து கமிட்டியும் தலையாட்டோணும், அதுக்குள்ள அந்த செமஸ்டரே முடிஞ்சிடும். காலேஜ் ஆக்களுக்கு வகுப்பு மணித்தியாலம் கூட, மற்றப் பக்கத்துக்கு ரிசர்ச் நேரம் இருக்கு, பேச்சில மட்டும் எல்லாரும் சமபங்காளியள் (சிரிப்பு வருது).

2020ல காலேஜுகள் தனியவும் குடுக்கலாம் எண்டு அரசாங்கம் அறிவிச்ச பிறகு சில கூட்டு பிரிஞ்சிட்டுது. என்னோட வேலை செய்யிற சிலருக்கு சந்தோசம், எனக்கு அவ்வளவா இல்ல, ரிசர்ச் பக்கம் மெலிஞ்சிடுமோ எண்டு யோசனை.

சேரப்போற ஆக்கள் எந்த வருசம் எந்த கேம்பஸ் எண்டு முதலே கேளுங்கோ, சில இடத்தில ரெண்டு வருசம் காலேஜில, மிச்சம் யூனிவர்சிட்டியில.