சிலிக்கோன் பூச்சும் 61 நாள் தடைக்காலமும்

படகின் அடியில் கொட்டலசு (பாறையிலும் படகிலும் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிர்) பிடிக்காமல் இருக்க சிலிக்கோன் பூச்சு அடிக்கலாமா என்று பொழியூர்த் தம்பி ஒருவர் கேட்டார். மீன்பிடித் தடை முடிந்து இப்போதுதான் கடலுக்குப் போய் வந்திருக்கிறேன், அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். செம்பு பெயிண்ட் அடித்த காலத்தில் படகைப் பழுதுபார்க்கும் யார்டில் ஏற்றியதும் உளியும் சுத்தியலுமாக மல்லுக்கட்டணும், கொட்டலசோடு சேர்ந்து பெயிண்டும் பெயர்ந்து வரும். சிலிக்கோன் பூச்சில் கட்டைவிரலால் தள்ளினால் முழுசாக உதிர்கிறது. கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் வெட்டினால் பிசின் பிடிக்காதே, அந்த மாதிரி. எதையும் கொல்வதில்லை, வழுவழுப்பான ரப்பர் மேல் கொட்டலசின் பசைக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். எனக்கு இது பெரிய விஷயம். முன்பு டிபிடி என்று வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயிண்ட் இருந்தது. அதனால் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது, பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பே நொடித்துப்போனது. அதைத் தடுக்க 2001இல் போட்ட சர்வதேச ஒப்பந்தம் 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது. செம்பும் கொன்றுதான் விரட்டுகிறது. மீனை நம்பிப் பிழைக்கிறவன் கடலில் விஷம் கரைப்பது எனக்குச் சம்மதமில்லை.

ஆனால் இந்தப் பூச்சு ஓடிக்கொண்டே இருக்கிற கப்பலுக்கென்று செய்தது. தண்ணீர் வேகமாக உரசினால்தான் ஒட்டியது கழலும். நம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள், தேங்காய்ப்பட்டணத்தில் படகு கட்டினது கட்டினபடி கிடக்கிறது. அவிழ்த்தபோது அடி முழுக்கப் பாசிச்சளி, அதன் மேல் கொட்டலசு. மணிக்கு எட்டு, ஒன்பது கடல் மைல் வேகத்தில் கொட்டலசு பாதி போனது, சளி அசையவே இல்லை, டீசல் கண்ணெதிரே தீர்ந்தது. பக்கத்துப் படகின் கயிறு உரசி மூன்று இடத்தில் பூச்சு கிழிந்தும் விட்டது. சிலிக்கோன் மேல் வேறு பெயிண்ட் எதுவும் நிற்காது என்பதால் நம் பெயிண்டரால் ஒட்டுப்போட முடியவில்லை. விற்றவரிடம் கேட்டால் "படகை ஓட்டிக்கிட்டே இருங்க" என்கிறார். தடைக்காலத்தில் எங்கே ஓட்ட? இதை உருவாக்குகிறவர்கள் எங்கள் படகுபோல மாதக்கணக்கில் நிற்கும் படகில் சோதித்துவிட்டு விற்கட்டும்.

செம்புக்குத் திரும்ப எனக்கு மனசில்லை, அடுத்த முறையும் இதையேதான் அடிப்பேன். உனக்கு வேண்டாம் மக்கா. மே மாதமே யார்டில் இடம் பிடித்து, தடை முடியும் வரை படகைக் கரையில் வைக்க வழியிருந்தால் மட்டும் யோசி.