தேர்த்திடல் ராட்டினம்: வருஷா வருஷம் ஏறுபவர்கள் பார்க்கும் கணக்கு

ஆடி ஐந்தாம் வெள்ளி வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர், வைகாசியில் வில்லியனூர் திருக்காமீசுவரர் தேர், மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரை. புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு ராட்டினக் காலண்டர் இதுதான். சாமி கும்பிட்ட கையோடு திடல் பக்கம் நடையைக் கட்டுகிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

ஈ.சி.ஆர். ஓரத்துப் பெரிய பார்க்குகளில் மெஷினைப் பிளாஸ்டிக் பாறைக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள். திடல் ராட்டினத்தில் ஒளிக்க ஒன்றுமே கிடையாது. மோட்டார், பெல்ட், கம்பிக் கயிறு, பின், பிரேக் கட்டை, கிளட்ச் மேல் கை வைத்து நிற்கிற ஆள், எல்லாம் கண்ணெதிரே. பழைய ரசிகர்கள் இதை விட மாட்டேன் என்பதற்குக் காரணமே அதுதான். அதே காரணத்தால் பார்க்காமல் ஏறினால் தப்பு ஏறுபவர் மேல்தான்.

முதலில் பார்க்க வேண்டியது தரை. மஞ்சக்குப்பம் மைதானம் மாதிரிக் கெட்டித் தரையில் கவலை குறைவு. வீராம்பட்டினமும் தேவனாம்பட்டினமும் மணல். ஜெயண்ட் வீல் சக்கரத்தின் கால்களுக்கு அடியில் கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். ஆனால் இரண்டு ராத்திரி ஓடிய அதிர்வில் மணல் விலகிக் கொடுக்கும்; ஒரு கால் மட்டும் விரல்கடை அளவு இறங்கும். இதைக் கண்டுபிடிக்க டிக்கெட் வாங்கத் தேவையில்லை. சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நின்று, தூணுக்கும் சக்கர விளிம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஒரு முழுச் சுற்றுக்குக் கவனியுங்கள். சக்கரம் முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்தபடி ஓடினால் கால் இறங்கியிருக்கிறது. சுற்றுக்கு ஒரு முறை விளிம்பு தூணை நெருங்கி, பிறகு விலகினால் கோளாறு அடியில் இல்லை; ஆரம் (நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கம்பி) வளைந்திருக்கிறது, இல்லையென்றால் ஆரத்தின் போல்ட் தளர்ந்திருக்கிறது. முதல் கோளாறை லாரி ஜாக்கி போட்டுத் தூக்கி, ஆப்பு அடித்துக் கால் மணி நேரத்தில் சரி பண்ணிவிடலாம். இரண்டாவதுக்குச் சக்கரத்தை நிறுத்தி ஒவ்வொரு போல்ட்டாகப் பார்க்க வேண்டும், கூட்ட நேரத்தில் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

கடற்கரைத் திடலில் இன்னொரு எதிரி உப்புக்காற்று. புதுப் பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். போல்ட் தலையிலிருந்து கீழே காவிக்கோடு வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த மூட்டுக்குள் தண்ணீர் போய்த் துருப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்றிரண்டு சகஜம். வரிசையாகத் தெரிந்தால் வேறு விளையாட்டுக்குப் போகலாம்.

ஜெயண்ட் வீல் என்ற சங்கதி 1893-ல் சிகாகோ கண்காட்சிக்காக ஃபெர்ரிஸ் என்ற பொறியாளர் நிறுத்தியதிலிருந்து பிரபலமானது. 264 அடி உயரம், 36 பெட்டி, பெட்டிக்கு 60 பேர். நிற்காமல் ஒரு சுற்றுச் சுற்ற அதற்கு 9 நிமிஷம். நம் திடல் சக்கரம் உயரத்தில் அதற்குக் கால் கூட எட்டாது, ஆனால் சுற்றுக்கு 10 விநாடிதான்! வயிற்றில் அந்தக் ‘குபீர்’ வருவது வேகத்தால்தான். 15 மீட்டர் குறுக்களவுள்ள சக்கரம் 10 விநாடிக்கு ஒரு சுற்று போனால் உச்சியில் உடம்பின் எடையில் முப்பது சதவீதம் குறைந்தது போல இருக்கும்; அடியில் அதே அளவு கூடும். 8 விநாடிக்கு ஒன்று என்று முடுக்கினால் உச்சியில் கிட்டத்தட்டப் பாதி எடைதான். கைக்கடிகாரத்தில் பத்துச் சுற்றை எண்ணிப் பார்த்துவிட்டு, பாட்டியை ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

ஆள் ஏற்றும் விதத்தில்தான் ராட்டினக்காரரின் தரம் தெரியும். நல்ல கை அடுத்தடுத்த பெட்டிகளை நிரப்பாது. பன்னிரண்டு பெட்டியென்றால் ஒன்றாம் பெட்டியில் ஆள் ஏறியதும் அரைச் சுற்று விட்டு ஏழாம் பெட்டி, அப்புறம் நான்கு, பத்து. “அண்ணே, நீங்க இருங்க. எதிர்ப் பொட்டி வரட்டும். அக்கா, நீங்களும் பாப்பாவும் இதுல ஏறுங்க” என்று ஆளைப் பிரித்துப் பிரித்து அனுப்புவார். வரிசையில் நிற்பவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் ஒரே பக்கம் நாலு பெட்டி நிரம்பினால் கனமான பக்கம் தானாக அடிக்கு வரப் பார்க்கும். பிரேக் கட்டை அதைப் பிடித்து நிறுத்தத் திணறும், விளிம்பைச் சுற்றி ஓடிச் சக்கரத்தைத் திருப்பும் கம்பிக் கயிறு வழுக்கும், சக்கரம் வெட்டி வெட்டி இழுக்கும். கருகல் வாசனை வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். தூறல் விழுந்த பிறகு கயிறு இன்னும் மோசமாக வழுக்கும். காய்ந்த சாக்கால் துடைத்து, காலியாக நாலைந்து சுற்று ஓடவிட்ட பிறகே ஆள் ஏற்றுகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எடை சமமாக ஏற்றியிருப்பதில் இன்னொரு லாபம். ஜெனரேட்டர் நின்று உச்சியில் மாட்டிக்கொண்டால், சமமாக ஏற்றிய சக்கரத்தை இரண்டு மூன்று பேர் விளிம்பைப் பிடித்துக் கையாலேயே திருப்பி எல்லோரையும் இறக்கிவிடலாம். ஒருபக்கம் கனத்த சக்கரத்தை அப்படித் திருப்ப முடியாது.

பெட்டிக்குள் உட்கார்ந்ததும் குறுக்குக் கம்பியின் பின்னைப் பாருங்கள். இரும்புப் பின் ஒன்று துளைக்குள் போகும். அது வெளியே நழுவாமல் இருக்க முனையில் ஒரு கிளிப் இருக்கும், சேஃப்டி பின் மாதிரி வளைந்த ஸ்பிரிங் கம்பி. இது அடிக்கடி மணலில் விழுந்து தொலையும். தொலைந்தால் சிலர் அந்த இடத்தில் கட்டுக்கம்பியை முறுக்கிவிடுவார்கள். கட்டுக்கம்பி என்பது வளைவதற்கென்றே பதப்படுத்திய மெல்லிரும்பு. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அதே இடத்தில் மடங்கி மடங்கி ஒரு கட்டத்தில் பட்டென்று அறும். கட்டுக்கம்பியைக் கண்டால் மரியாதை பார்க்காமல் இறங்கிவிடலாம். தலைக்கு மேலே பெட்டி தொங்கும் தண்டில் காட்டர் பின் இருக்கும். அதன் இரண்டு காலும் விரித்து மடக்கியிருக்க வேண்டும். முந்தானை, துப்பட்டா, பின்னல் எல்லாம் உள்ளே.

முதல் ஆளாக ஏறுவதே லாபம். மற்ற பெட்டிகள் நிரம்பும் வரை மேலும் கீழுமாக நின்று நின்று வரலாம். அந்த நிற்கும் நேரம்தான் வேடிக்கை பார்க்கும் நேரம். வீராம்பட்டினத்தில் ஒரு பக்கம் விளக்குத் தேர், மறுபக்கம் கருங்கடல். ஓட ஆரம்பித்த பிறகு யாரும் எதையும் பார்ப்பதில்லை.

மோட்டாரே இல்லாத தொட்டில் ராட்டினம் இப்போது அருகிவிட்டது. பொரிக்கடைக்கும் பஞ்சுமிட்டாய்க்காரருக்கும் நடுவில் எங்காவது ஒன்று நின்றால் அதை விட்டுவிட்டுப் போகாதீர்கள். நாலு மரப்பெட்டி, ஒரு இரும்பு அச்சு, அதைத் தாங்கும் இரண்டு கவைக்கால். கீழே வரும் பெட்டியின் விளிம்பை நெஞ்சு உயரத்தில் பிடித்து இழுத்து, அடுத்ததற்குக் கையை மாற்றுவார் ராட்டினக்காரர். கை நின்றால் நாலைந்து சுற்றில் தானே ஓய்ந்துவிடும், வேறு பிரேக் வேண்டியதில்லை. அச்சில் கிரீஸ் காய்ந்துவிட்டால் சுற்றுக்கு ஒரு தடவை ‘க்ரீச்’ என்று கத்தும். சத்தம் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, இழுப்பவருக்குத்தான் கை வலி. பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: பெட்டிக்கும் கவைக்காலுக்கும் இடைவெளி ஒரு சாண் கூட இருக்காது, குழந்தை காலை வெளியே தொங்கப்போடக் கூடாது.

குடை ராட்டினத்தில் குதிரைகள் சங்கிலியில் தொங்கும். சுற்ற ஆரம்பித்ததும் வெளிவரிசைக் குதிரை உள்வரிசையைவிட வேகமாகப் போகும், அதிகமாகச் சாயும். மூன்று வயதுக்காரரை உள்வரிசையில் உட்காரவைத்து, இடுப்போடு ஒரு துண்டால் குதிரைக் கம்பியில் கட்டிவிடுங்கள். பெல்ட் இருந்தாலும் அது பெரும்பாலும் ஏழு வயதுப் பிள்ளையின் அளவுக்குத்தான் இருக்கும்.

கொலம்பஸ் கப்பலுக்கு அடியில் குனிந்து பார்த்தால் ரப்பர் டயர் ஒன்று தெரியும். மொத்த ரகசியமும் அதுதான். கப்பலின் அடிப்பாகம் டயரை உரசிப் போகும் ஒவ்வொரு தடவையும் மோட்டார் ஒரு தள்ளு தள்ளுகிறது, ஊஞ்சலை ஆள் தள்ளுவது போலவே. நிறுத்துவதும் அதே டயர்தான். டயர் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் ஏற்றமும் மெல்ல நடக்கும், நிறுத்தவும் நேரமாகும். நடு வரிசையில் உட்கார்ந்தால் தாலாட்டு, இரண்டு ஓரமும் உயிர் போய் வரும். இங்கே பெரிதாகக் கண்ணில் படாத ஆபத்து, வரிசைக்கு ஒரே கம்பி என்பது. கம்பி இறங்கி, அந்த வரிசையில் இருக்கும் பருத்த தொடையில் முட்டி நின்றுவிடும். பக்கத்தில் உட்கார்ந்த ஒல்லிப் பிள்ளைக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. ஆகவே அப்பாவும் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்வதைவிட, ஒரே உடல்வாகு உள்ளவர்கள் சேர்ந்து உட்காருவதே சரி. பரோட்டா சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகட்டும்.

டேஷிங் கார் மணல் திடலில் சோதனைதான். மேலே கம்பி வலை, கீழே இரும்புத் தகடு. காரின் பின்கொம்பு வலையைத் தொட்டு மின்சாரம் எடுக்கும், சக்கரம் வழியாகத் தகட்டில் இறங்கும். எல்லோர் செருப்பிலும் வரும் மணல் தகட்டில் படிந்தால் இந்தத் தொடர்பு விட்டு விட்டுப் போகும், கார் திணறும். ஆட்டத்துக்கு நடுவே தகட்டைப் பெருக்குகிற இடமாகப் பார்த்து ஏறுங்கள். மூலையில் சிக்கிக்கொண்டால் முண்ட வேண்டாம். ஸ்டீயரிங்கை ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் கார் பின்னோக்கி வரும். பாதிப் பேருக்கு இது தெரியாமலே நேரம் முடிந்துவிடுகிறது.

மரணக்கிணற்றின் செங்குத்துப் பலகைச் சுவரில் ஏறி வண்டி ஓட்டுபவருக்குக் கணக்கு தெளிவு. ஏறக்குறைய 9 மீட்டர் அகலக் கிணற்றில், பலகையில் டயர் நல்ல பிடிமானத்தோடு இருந்தால், கீழே சரியாமல் இருக்க மணிக்கு 25 கிலோமீட்டர் வேகமே போதும். அதற்கு மேல் போவதெல்லாம் கையிருப்பு. பலகை ஈரமானால் பிடிமானம் குறையும், தேவைப்படும் வேகம் கூடும். அதனால்தான் மழை பெய்தால் முதலில் மூடுவது கிணறு. பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது மேலே நிற்கும் நடைமேடையை. வண்டி நம் பக்கம் வரும்போது மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் கைப்பிடிக் கம்பியில் சாயும். ஏணிக்குப் பக்கத்தில் நில்லுங்கள். ஓட்டுபவர் போகிற போக்கில் பறிக்கட்டும் என்று ரூபாய் நோட்டை நீட்டாதீர்கள், ஆட்டம் முடிந்ததும் கையில் கொடுத்துக்கொள்ளலாம்.

பலூன் சறுக்கு ஆடிக் காற்றுக்கு ஆகாது. மணலில் அடித்த முளை பிடிக்காது. நான்கு மூலையிலும் மணல் மூட்டை கட்டியிருக்க வேண்டும். பேய் வீட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, உள்ளே இருப்பதெல்லாம் வியர்வை நாற்றம்தான்.

தேர் ஓடும் நாள் ராத்திரி ராட்டினத்துக்கு உகந்ததல்ல. வரிசை நீளும், சுற்று பாதியாகும், பின்னைச் சரிபார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. மறுநாள் சாயங்காலம் ஐந்து மணி சரியான நேரம். வெளிச்சத்தில் போல்ட்டெல்லாம் தெரியும், கூட்டம் இருக்காது, பேரமும் படியும். ஆடியில் சாயங்காலம் மேற்கே கருத்துக்கொண்டு வந்தால் மட்டும் கொடுத்த காசைப் பற்றி யோசிக்காமல் இறங்கிவிடுங்கள். மழைக்கு முன்னால் வரும் தூசிக் காற்றுதான் சக்கரத்துக்கு ஆகாதது, மழை அப்புறம்தான்.

நேரம் இருந்தால் சக்கரத்தைப் பிரிக்கும் ராத்திரியும் நின்று பாருங்கள். ஒவ்வொரு ஆரத்திலும் பெயின்ட்டால் எண் எழுதியிருக்கும், ஆரங்கள் எல்லாம் வந்து சேரும் நடுக்குடத்திலும் அதே எண். ஏழாம் ஆரம் ஏழாம் துளைக்கே போக வேண்டும், ஏனென்றால் துளைகள் கையால் அளந்து போட்டவை. அவசரத்தில் மாற்றி மாட்டினால் போல்ட் நேராக இறங்காது. சுத்தியலால் அடித்து இறக்குவார்கள், துளை முட்டை வடிவமாகும், அந்த மூட்டு ஆட ஆரம்பிக்கும். அடுத்த ஊரில் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் நடுக்குடத்தை அண்ணாந்து பாருங்கள். ஏழாம் துளையில் பதினொன்றாம் ஆரம் இருந்தால் அன்றைக்குக் குடை ராட்டினத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.