வன்னிச் சமதரையில் மலையேறும் கைக்கடிகாரம்: ஐந்தாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

2020ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கனடாவிலிருந்து மச்சான் அனுப்பிவைத்த விளையாட்டுக் கைக்கடிகாரத்தை இன்றுவரை கழற்றாமல் கட்டியிருக்கிறேன். தூரம், வேகம், இதயத்துடிப்பு ஆகியவற்றில் எனக்குப் பெரிய முறைப்பாடு எதுவும் இல்லை. உயரக் கணக்குத்தான் முதல் வருடம் முழுவதும் என்னை அலைக்கழித்தது. கிளிநொச்சியிலிருந்து பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு ஊடாக முல்லைத்தீவுக் கடற்கரைக்குச் சைக்கிளில் போய்த் திரும்புவது என் வழமை. அந்த வீதியில் மதகுகளையும் சிறு மேடுகளையும் தவிர ஏற்றம் என்று சொல்ல எதுவுமில்லை. ஆயினும் கடிகாரம் ஒரு சனிக்கிழமை மொத்த ஏற்றம் 140 மீற்றர் என்றும், அடுத்த சனிக்கிழமை அதே வீதிக்கு 310 மீற்றர் என்றும் பதிந்தது. கூட ஓடும் தம்பி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணை, நீங்கள் எந்த மலையால சுத்தி வந்தனீங்கள்?" என்று கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

உயரத்தை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் இக்கடிகாரத்துக்குள் இல்லை. அது வளியமுக்கத்தை அளந்து, அதிலிருந்து உயரத்தை ஊகிக்கிறது. கடல்மட்டத்துக்கு அண்மையில் ஒரு மில்லிபார் அமுக்கம் குறைந்தால் ஏறத்தாழ எட்டரை மீற்றர் உயர்ந்துவிட்டதாக அது எடுத்துக்கொள்ளும். கடல்மட்ட அமுக்கம் 1013.25 மில்லிபார் என்ற சர்வதேச நியமத்திலிருந்துதான் அதன் கணக்குத் தொடங்குகிறது. எங்கள் கரையிலோ பல நாட்களில் அமுக்கம் 1010ஐ ஒட்டியே நிற்கும். ஆகவே திருத்தம் எதுவும் செய்யாத கடிகாரம், கால் அலையில் நனையும்போதும் 25, 30 மீற்றர் என்று காட்டுவதில் வியப்பில்லை.

இதைத் திருத்திவிட்டால் தொல்லை தீர்ந்துவிடும் என்றே நானும் நினைத்தேன். காலை ஐந்தரைக்கு வீட்டில் சரியான உயரத்தைப் பதிந்துவிட்டுப் புறப்பட்டால், ஒன்பது மணியளவில் முல்லைத்தீவுக் கரையில் அது மைனஸ் 14 காட்டும். பிற்பகல் மூன்று மணிக்கு வீடு திரும்பும்போது, 21 மீற்றரில் இருக்கும் என் முற்றம் 31க்கு உயர்ந்திருக்கும். கடிகாரம் பழுதடைந்துவிட்டது என்று முடிவுகட்டி மச்சானுக்கு முறையிட்டும்விட்டேன். உண்மையில் அது பழுதல்ல. சூரிய வெப்பத்தால் மேல்வளிமண்டலத்தில் எழும் அலையொன்றினால், எங்களைப் போன்று நிலநடுக்கோட்டை அண்டிய இடங்களில் வளியமுக்கம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது: முற்பகல் பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உச்சம், விடியற்காலை நான்கு மணியளவிலும் பிற்பகல் நான்கு மணியளவிலும் தாழ்வு. இந்த வேறுபாடு மூன்று மில்லிபார் அளவுக்கு வந்தால், கதிரையில் அசையாமல் இருப்பவரின் கையிலும் கடிகாரம் 25 மீற்றர் ஏறும். மலைநாட்டில் ஆயிரம் மீற்றர் ஏறுபவருக்கு இது பொருட்டாகத் தெரியாது. வன்னியிலோ தரையின் ஏற்றத்தாழ்வைவிடப் பிழையே பெரிதாகிவிடுகிறது.

என் முற்றம் 21 மீற்றர் என்பதையும் இந்த அலையை அறிந்த பின்னரே கண்டுகொண்டேன். அமுக்கம் உச்சத்தில் நின்று அதிகம் மாறாத பத்து மணியைத் தெரிவுசெய்து, ஒன்பதரைக்கு முல்லைத்தீவு அலையோரத்தில் பூச்சியம் என்று பதிந்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்து பார்த்தேன். மூன்று வெவ்வேறு நாட்களில் 20, 22, 21 என்று வந்தது. அதற்குமேல் துல்லியம் எனக்குத் தேவைப்படவில்லை.

செய்மதியிடமே உயரத்தைக் கேட்கலாமே என்று சிலர் சொல்வார்கள். செய்மதிகள் எல்லாம் தலைக்கு மேலேயே இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை; ஆகையால் ஜிபிஎஸ்ஸின் உயரப் பிழை பொதுவாக அதன் கிடைப் பிழையைவிடப் பெரியது. பாலையும் வீரையும் கவிந்த காட்டுப் பாதையில் அது இன்னும் மோசமாகும். இதில் எங்கள் தீவுக்கென்றே ஒரு வேடிக்கையும் உண்டு. ஜிபிஎஸ் கணக்கிடும் உயரம் பூமியைச் சீரான நீள்கோளமாகக் கொண்டது. உண்மையான கடல்மட்டமோ இலங்கைக்குத் தெற்கே, உலகிலேயே மிகத் தாழ்ந்த புவியீர்ப்புப் பள்ளத்தை நோக்கிச் சரிகிறது. எனவே இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் திருத்தாத கைபேசிச் செயலி ஒன்று, கடற்கரை மணலில் நின்ற என்னைக் கடல்மட்டத்துக்குத் தொண்ணூறு மீற்றருக்கும் கீழே இருப்பதாகக் காட்டியது. நல்ல கடிகாரங்கள் இதைத் தாமே திருத்திக்கொள்கின்றன.

பயணம் முடிந்த பின் இணையத்தில் செய்யும் உயரத் திருத்தத்தையும் சில மாதங்கள் பயன்படுத்திப் பார்த்தேன். அதற்கு அடிப்படையாகப் பரவலாகப் பயன்படுவது 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ராடார் மூலம் எடுத்த உயரத் தரவு. அந்த ராடார் அடர்ந்த காட்டில் நிலம்வரை இறங்காமல், மரக்கவிப்பின் உயரத்தையும் சேர்த்தே அளந்தது. மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் காடும் வெளியும் மாறி மாறி வருவதால், திருத்திய வரைபடத்தில் நான் மரங்களின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்!

ஆடி மாதச் சோளகக் காற்றில் இரணைமடுக் குளக்கட்டில் ஓடும்போது வேறொரு பிழையைக் கண்டேன். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகக் காற்று, கடிகாரம் அமுக்கத்தை அளக்கும் சிறு துவாரத்தில் நேரே மோதினால், வாசிப்பு ஐந்து மீற்றர் வரை தளம்பக்கூடும். காற்று விட்டுவிட்டு அடிக்கும் நாளில் அந்தத் தளம்பல்கள் சேர்ந்து மொத்த ஏற்றமாகிவிடும். 310 மீற்றர் வந்த சனிக்கிழமையும் அப்படியொரு நாளே. கையுறையின் விளிம்பால் கடிகாரத்தை மூடி ஓடினால் இது வெகுவாகக் குறைகிறது. கிரவல் வீதிப் புழுதியும் வியர்வை உப்பும் துவாரத்தை அடைத்தால் உயரம் சிறிதுநேரம் அசையாமல் நின்று, பிறகு திடீரெனப் பாயும். ஊசியால் குத்தாமல், இளஞ்சூட்டு நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து அலசினால் போதும். நான் மாதத்துக்கு ஒருமுறை செய்கிறேன்.

மலைநாட்டுக்குப் போனபோது பிழை எதிர்த்திசையில் வந்தது. வீட்டில் பதிந்த உயரத்துடன் பட்டிப்பொல ரயில் நிலையத்தில் இறங்கினேன். அங்கே சுமார் 1,898 மீற்றர் இருக்க வேண்டும். கடிகாரம் 1,820 சொன்னது. கடல்மட்டத்தில் 15 பாகை என்று கொள்ளும் நியமத்தைவிட எங்கள் காற்று சூடானது, ஆகவே ஐதானது. அதனால் ஏறிய உயரம் குறைத்துக் காட்டப்படுகிறது.

இன்று என் பயணத் திரையில் மொத்த ஏற்றம் இல்லை. அவ்விடத்தில் அமுக்க வரைகோட்டை வைத்திருக்கிறேன். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் கரையைக் கடந்தபோது, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்த என் கையில் உயரம் அறுபது மீற்றருக்கு மேல் ஏறியதை அன்று விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கார்த்திகை பிறந்தால், காலபோகம் விதைத்துவிட்டு இருக்கும் பக்கத்து வளவு ஐயா வேலியோரம் வந்து, "மணிக்கூடு இண்டைக்கு எவ்வளவு ஏறிட்டுது தம்பி?" என்று கேட்கிறார்.