விறைப்புக்காக ஆண்குறிக்குள் வைத்த இம்பிளாண்ட்டை மாற்றி வைத்தால் திருப்தி கிடைக்குமா?

பழுதானதால் மாற்றியவர்கள் பெரும்பாலும் திருப்தியாகவே இருக்கிறார்கள். கிருமி பிடித்ததால் மாற்றியவர்களுக்குத்தான் குறைகள் அதிகம்.

பாஸ்டன் சயின்டிஃபிக்கின் ஏஎம்எஸ் 700, கோலோபிளாஸ்டின் டைட்டன் இரண்டுமே மூன்று பாகக் கருவிகள்: உறுப்புக்குள் இரண்டு சிலிண்டர், விதைப்பையில் பம்ப், அடிவயிற்றில் சலைன் தேக்கும் பை. பல வருடங்கள் கழித்து வரும் கோளாறு பெரும்பாலும் கசிவுதான். அழுத்திய பம்ப் குழிந்தபடியே நின்றால் பையில் சலைன் தீர்ந்திருக்கலாம். கசிவது ஒரு குழாய்தான் என்றாலும், கருவி பழையதென்றால் எல்லாப் பாகத்தையும் மாற்றுவதே நல்லது. ஒட்டுப்போட்ட கருவி மறுபடி அறுவை மேசைக்கு இழுக்கும். பழைய பையை மட்டும் வடித்துவிட்டு உள்ளேயே விடுவதுண்டு. சிறுநீர்ப்பையும் பெரிய ரத்தக்குழாய்களும் பக்கத்திலேயே இருப்பதால் அதைத் தோண்டுவது வீண் ஆபத்து.

இரண்டாம் அறுவையில் தொற்று அபாயம் கூடுதல். பழைய கருவியின் மேல் வெளியே தெரியாமல் கிருமிப்படலம் படிந்திருக்கலாம். அதனால் கருவியை எடுத்ததும் உள்ளிடத்தை மருந்துநீரால் நன்றாகக் கழுவி, கையுறை, துணி எல்லாம் மாற்றிய பிறகே புதியதை வைக்க வேண்டும். ஏஎம்எஸ்ஸில் ரிஃபாம்பின், மினோசைக்ளின் பூச்சு தயாராகவே வரும்; டைட்டனை மருத்துவர் தேர்ந்த ஆன்டிபயாட்டிக் கரைசலில் நனைப்பார்கள். சீழ் பிடித்த கருவியை எடுத்துவிட்டு மாதக்கணக்கில் சும்மா விட்டால் உள்ளே தழும்பு இறுகி, உறுப்பு சுருங்கிவிடும். பிறகு மெலிந்த சிலிண்டர்தான் நுழையும்.

அதிருப்திக்கு முதல் காரணம் நீளம்தான். கருவி விறைப்பைத் தரும், நீட்டாது. முனைமொட்டும் பழையபடி பருக்காது. அறுவைக்கு முன்பே உறுப்பை இழுத்து அளந்து, நோயாளியிடம் அந்த அளவைச் சொல்லிவிடும் மருத்துவரிடம் பின்னால் சண்டை குறைவு. மனைவியையும் உட்காரவைத்துச் சொன்னால் இன்னும் நல்லது.

பம்ப் வேண்டாமென்று கையால் வளைத்துவைக்கும் வகைக்கு, உதாரணமாக மும்பையில் உருவான ஷா இம்பிளாண்ட்டுக்கு, மாறுபவர்களும் உண்டு. செலவு குறைவு, பழுது அரிது. ஆனால் எந்நேரமும் விறைப்பாகவே இருக்கும், வேட்டிக்குள் மறைப்பது கஷ்டம்.

பம்பை இயக்கப் பழகுவது சுமார் 4 முதல் 6 வாரம் கழித்து. அதுவரை பம்ப் மேலேறாமலிருக்க, மருத்துவர் காட்டியபடி தினமும் மெதுவாகக் கீழே இழுத்துவிட வேண்டும். புது மாடலில் விறைப்பை இறக்கும் பொத்தான் வேறு இடத்தில் இருக்கலாம். வீட்டுக்குப் போகும் முன்பே தொட்டுப் பாருங்கள். சிலிண்டர் நீளம், சிலிண்டரின் அடியில் நீளம் கூட்டச் சேர்க்கும் பின்முனைத் துண்டின் அளவு, பை இருக்கும் பக்கம் மூன்றும் எழுதிய அறுவைக் குறிப்பைக் கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.