ஈரோட்டுக் கருத்தரிப்பு மையத்தில் பதினோரு நாள் ஊசி

ஈரோட்டில் உள்ள ஒரு கருத்தரிப்பு மையத்தில் சோதனைக்குழாய் முறைச் சிகிச்சைக்காகப் பதினோரு நாள் ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டேன். மருத்துவரின் திறமையை எடைபோடும் தகுதி எனக்கில்லை. ஊசி விஷயத்தில் அம்மையம் நடந்துகொண்ட விதத்தை மட்டும் எழுதுகிறேன்.

மாதவிலக்கின் இரண்டாம் நாள் ஸ்கேன் பார்த்து, அன்று மாலையே முதல் ஊசியைத் தொடங்கினார்கள். கோபிச்செட்டிபாளையத்துக்கு அப்பாலிருந்து தினமும் பேருந்தில் வந்து போக இயலாது என்றதும், மூத்த செவிலியர் ஒருவர் நானே போட்டுக்கொள்ளப் பழக்கினார். தொப்புளை விட்டுத் தள்ளி, தோலை மடித்துப் பிடித்து, ஊசியை நேராக இறக்கி, மருந்து முழுதும் போனபின் பத்து எண்ணிவிட்டு எடுக்க வேண்டும். மறுநாள் வயிற்றின் மறுபக்கம். “பயப்படாதீங்க அம்மணி, எறும்பு கடிச்சாப்பலதானுங்க இருக்கும்” என்றார். பேனா வடிவக் கருவியில் வந்த அந்த ஹார்மோன் ஊசி அப்படித்தான் இருந்தது. ஆனால் கருமுட்டை முன்கூட்டியே வெளியேறாமல் தடுக்க ஆறாம் நாள் சேர்த்த, தூளைக் கரைத்துப் போடும் ஊசி எறும்பல்ல, குளவி. போட்ட இடம் வெகுநேரம் சிவந்து அரித்தது. எடை திடீரென ஏறுதல், மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல் ஆகியவை கண்டால் உடனே வரவேண்டும் என்று தமிழிலேயே அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்ததற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று. மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்லி ஐஸ் பையோடு அனுப்பியவர்கள், அது உறையக் கூடாது என்பதைச் சொல்லவில்லை. கூட்டுக் குடும்பத்தில் யார் கண்ணிலும் படக்கூடாதென்று நான் அதை ஃப்ரீசருக்குள், பச்சைப் பட்டாணிப் பொட்டலத்துக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். மூன்றாம் நாள் மாலை எடுத்தபோது கல்லாய் இறுகியிருந்தது. எட்டு மணிக்கு மேல் மையத்தின் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. என் கணவர் இரவோடிரவாக ஈரோட்டுக்கு ஓடிப் புதுப் பேனா வாங்கி வந்தார். அந்தச் செலவு எங்கள் தலையில்தான் விழுந்தது.

ஆனால், முட்டை எடுப்பதற்கு 36 மணி நேரம் முன்னதாகப் போடும் கடைசி ஊசிக்கு, இரவு பத்தரை மணிக்கு அவர்களே இரண்டு முறை அழைத்து நினைவூட்டினார்கள். அந்த அக்கறையை முதல் நாளிலிருந்தே காட்டியிருக்கலாம். வெளியூரிலிருந்து செல்பவர்கள், இரவில் பேச ஒரு கைப்பேசி எண்ணை எழுதி வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கட்டுங்கள்.